தொகுப்பாளரை நடுவில் நிறுத்தாதீர்கள்: கேம் ஷோ மேடையில் யார் எங்கே நிற்க வேண்டும்

மதுரைப் பக்கம் எந்த மேடை போட்டாலும் மைக் பிடிக்கிறவரை நடுவில் நிறுத்திவிடுகிறோம். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த ஊர், அதனால் அப்படித்தான் தோன்றும்: நடுவில் சாலமன் பாப்பையா, இந்தப் பக்கம் ஓர் அணி, அந்தப் பக்கம் ஓர் அணி. 2006-இல் விஜய் டிவியில் ஆரம்பித்த நீயா நானாவும் ஏறக்குறைய அதே அமைப்புதான், இரண்டு கூட்டம் எதிரெதிரே, நடுவில் கோபிநாத். விவாதத்துக்கு அது மிகச் சரியான இடம். பேசுகிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள், நடுவில் இருப்பவர் முக்கால்வாசி நேரம் கேட்டுக்கொண்டிருப்பவர்.

கேள்வி கேட்டு பஸ்ஸர் அடிக்கும் போட்டியில் நிலைமை நேர் எதிர். பேசுகிறவர் ஒருவர், கேட்கிறவர்கள் மற்ற எல்லாரும். அந்த ஒருவரை நடுவில் நிறுத்தி அணிகளை இரண்டு பக்கமும் பிரித்துவிட்டால், அவர் எந்தப் பக்கம் திரும்பிக் கேள்வியைப் படிக்கிறாரோ அந்தப் பக்கத்துக்கு முகம் தெரியும், மறு பக்கத்துக்குப் பின்மண்டைதான் தெரியும். மேலூர்ப் பக்கம் ஒரு பொங்கல் விழா மேடையில் இதைக் கண்ணால் பார்த்தேன். இரண்டாவது கேள்வியிலேயே இடது ஓரத்து அணிப் பையன் மேஜையைத் தாண்டி அரை உடம்பை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றான், ஒரு கை மட்டும் பின்னால் பஸ்ஸர் மேல். தொகுப்பாளர் வலது பக்கத்து அணியைப் பார்த்தே படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் திரும்பினால்தான் கேள்வித்தாள் மேல் வெளிச்சம் விழுந்தது. அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் அந்தப் பையனின் அணி தோற்றது மேடை அமைப்பால்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பள்ளி ஆண்டு விழாவோ, கல்லூரி கல்ச்சுரல்ஸோ, மகளிர் குழு நிகழ்ச்சியோ, இரண்டு மூன்று கேமரா வைத்து யூடியூபுக்கு எடுக்கும் ஷோவோ, எதுவாக இருந்தாலும் மேஜை நாற்காலியை வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். இறக்கிய பிறகு யாரும் மாற்றிப்போட மாட்டார்கள்.

முதலில் பார்வை, அப்புறம் அலங்காரம்

மேடையில் மூன்று பார்வை ஒழுங்காக இருக்க வேண்டும். போட்டியாளர் ஒவ்வொருவருக்கும் தொகுப்பாளரின் முகம் தெரிய வேண்டும். தொகுப்பாளருக்குத் தலையை லேசாகத் திருப்பினாலே எல்லாரையும் பார்க்க முடிய வேண்டும், யார் கை முதலில் போனது என்று அவர்தானே முதலில் கவனிப்பவர். எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேமராவுக்கும் இரண்டு தரப்பின் முகமும் தெரிய வேண்டும். மூன்றும் சேர்ந்து கிடைப்பதற்கு இருக்கும் எளிய வழி, தொகுப்பாளரை ஒரு ஓரத்துக்குக் கொண்டுபோய், அணிகளை மறு ஓரத்தில் சற்றுச் சாய்வாக நிறுத்துவதுதான்.

அமெரிக்காவில் 1964-இல் தொடங்கிய ஜெப்பர்டி என்ற வினாடி வினா நிகழ்ச்சியைக் கவனித்துப் பாருங்கள். மூன்று போட்டியாளர்களும் ஒரே பக்கம், பக்கத்துப் பக்கத்து மேஜைகளில். கேள்விப் பலகை அவர்கள் நேரே பார்க்கும்படி எதிரே. மூன்று பேருக்கும் பார்க்க வேண்டிய திசை ஒன்றுதான். முந்தைய ஆட்டத்தில் ஜெயித்தவருக்குப் பார்வையாளர் பக்கமிருந்து பார்த்தால் இடது ஓரத்து மேஜை. நமக்கு எந்த அணிக்கு எந்த மேஜை என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வது நல்லது, அதையும் அணிகளின் கண் முன்னாலேயே செய்துவிடுங்கள். பின்னால் யாரும் வாய் திறக்க இடமிருக்காது.

இடது வலது என்ற சொல்லே மேடை வேலையில் பாதிச் சண்டைக்குக் காரணம். மேடையில் நிற்பவருக்கு வலது, கீழே நிற்பவருக்கு இடது. அதனால் நான் எப்போதும் 'ஜெனரேட்டர் பக்கம்', 'கோயில் பக்கம்' என்றுதான் சொல்வேன். பந்தல்காரருக்கும் மைக்செட்காரருக்கும் அதுதான் சட்டென்று புரியும். இந்தக் கட்டுரையில் இடது என்றால் பார்வையாளருக்கு இடது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கயிறு ஒன்று போதும்

இருபது அடி அகலம், பதினைந்து அடி ஆழம் உள்ள பலகை மேடை என்று எடுத்துக்கொள்வோம். இடது ஓரத்திலிருந்து நான்கு அடி உள்ளே, முன் விளிம்பிலிருந்து ஆறு அடி உள்ளே ஒரு புள்ளி. அங்கே தொகுப்பாளர். அந்தப் புள்ளியில் ஓர் ஆளை நிறுத்தி, பத்து அடிக் கயிற்றின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்து, மறு முனையில் சாக்பீஸைக் கட்டி மேடையின் வலது பாதியில் ஒரு வளைவு போடுங்கள். அணிகளின் மேஜைகள் அந்த வளைவின் மேல்தான் வர வேண்டும், ஒன்று பின்பக்கமாக, ஒன்று நடுவில், ஒன்று சற்று முன்னால். மூன்றடி மேஜை மூன்று தாராளமாக நிற்கும், வலது ஓரத்தில் ஆள் ஏறி இறங்கவும் வழி மிஞ்சும். இந்த மேடையில் நான்காவது அணியைச் செருகப் பார்க்காதீர்கள். நான்கு அணி வேண்டுமென்றால் மேடையை அகலப்படுத்தச் சொல்லுங்கள், இல்லையென்றால் எழுத்துத் தேர்வு வைத்து மூன்றாகக் குறையுங்கள்.

வளைவு எதற்கு, நேர்கோட்டில் போட்டால் ஆகாதா என்று கேட்பார்கள். நேர்கோட்டில் போட்டால் முதல் மேஜையில் நிற்பவர் மூன்றாவது மேஜையை மறைப்பார். வளைவில் போட்டால் எல்லாருக்கும் ஒரே தூரம், யாரும் யாரையும் மறைக்க மாட்டார்கள், முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் பக்கவாட்டு முகமாவது தெரியும். தொகுப்பாளரும் நேரே அணிகளைப் பார்த்து நிற்கக் கூடாது. பாதங்கள் பார்வையாளருக்கும் அணிகளுக்கும் நடுவில் ஒரு திசையைப் பார்க்க வேண்டும், கழுத்துதான் இரண்டு பக்கமும் திரும்ப வேண்டும். அவர் நிற்கும் இடத்தில் டேப்பால் ஒரு பெருக்கல் குறி ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் கைதட்டல் வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வந்துவிடுவார். நல்ல தொகுப்பாளர்களுக்கே அந்த இழுப்பு உண்டு.

ஆள் உயரம்

ஆறாம் வகுப்புப் பையனும் பதினொன்றாம் வகுப்புப் பெண்ணும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் நின்றால், பையனின் நெற்றி மட்டும்தான் கேமராவில் வரும். ஜெப்பர்டியில் ஒவ்வொரு மேஜைக்குப் பின்னாலும் ஏற்றி இறக்கும் ஒரு சிறு தளம் இருக்கிறது, எல்லாருடைய தலையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் தெரியும்படி. நமக்கு அவ்வளவு வசதி வேண்டாம். ஆசாரியிடம் சொல்லி நான்கு அங்குலம், எட்டு அங்குலம் உயரத்தில் ஆளுக்கொரு கனமான பலகை மணை செய்து வைத்துக்கொண்டால் வருஷக்கணக்கில் உழைக்கும். செங்கல்லை அடுக்குவது, சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். பஸ்ஸர் அடிக்கும் பிள்ளைகள் குதிப்பார்கள். மேஜை மூன்றரை அடி உயரம் இருந்தால் நின்று ஆடச் சரியாக இருக்கும். பெரியவர்கள் கலந்துகொள்ளும் போட்டி என்றால் எல்லாரையும் உட்கார வைத்துவிடுங்கள். ஒருவர் மட்டும் உட்கார்ந்து மற்றவர்கள் நிற்பது பார்க்கவும் நன்றாக இருக்காது, அந்த ஒருவருக்கும் சங்கடம்.

ஒலி, வெளிச்சம், வெயில்

'எங்களுக்குக் கேள்வி லேட்டாக வந்துச்சு' என்ற புகார் எல்லாப் போட்டியிலும் வரும். பத்தடி தூரத்தைக் கடக்க ஒலிக்கு நூறில் ஒரு பங்கு நொடிகூட ஆகாது, அதனால் தூரம் காரணம் இல்லை. காரணம் தெளிவு. பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ்கள் கூட்டத்தைப் பார்த்து நிற்கின்றன, அணிகள் அவற்றுக்குப் பின்னால் நிற்கிறார்கள். அங்கே வந்து சேருவது எதிர்ச் சுவரில் முட்டித் திரும்பிய குழம்பிய சத்தம்தான். மைக்செட்காரரிடம் ஒரு சின்ன பாக்ஸைக் கேட்டு வாங்கி, தொகுப்பாளரின் காலடிக்குப் பக்கத்தில் அணிகளைப் பார்த்து வையுங்கள். முகம் தெரியும் திசையிலிருந்தே குரலும் வரும், அதில் கிடைக்கும் தெளிவு வேறு எதிலும் கிடைக்காது. பெரிய பாக்ஸ்கள் மேடையின் முன் விளிம்பைத் தாண்டி இருக்க வேண்டும், தொகுப்பாளர் மைக்கோடு அவற்றின் முன்னால் போகக் கூடாது. போனால் 'கீ' என்று கத்தும்.

ஜெப்பர்டியில் இன்னொரு ஏற்பாடு. கேள்வியைப் படித்து முடிக்கும்வரை பஸ்ஸர் வேலை செய்யாது. முடித்ததும் ஓர் ஊழியர் அதைத் திறந்துவிடுவார், பலகையின் ஓரத்தில் விளக்கு எரியும். அதற்கு முன்பே அமுக்கியவருக்குக் கால் நொடி பூட்டு. நம் பஸ்ஸர் பெட்டியில் இந்த வசதி இல்லாவிட்டாலும் தொகுப்பாளரின் தலைக்குப் பக்கத்தில் ஒரு பல்பு வைத்து, கேள்வி முடிந்ததும் ஒருவர் சுவிட்சைப் போட்டால் போதும், விளக்கு எரிந்த பிறகு அடித்தால்தான் கணக்கு என்று விதி வைத்துவிடலாம். பல்பு தொகுப்பாளரின் முகத்தை ஒட்டி இருப்பது முக்கியம். வேறு மூலையில் வைத்தால் பிள்ளைகள் முகத்தையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

படம் காட்டிக் கேட்கும் சுற்று உண்டென்றால் எல்இடி வால் என்கிற பெரிய திரையை மேடையின் நடுப் பின்னால் வைக்கும் வழக்கம் நமக்கு ஒத்துவராது. அணிகள் முதுகைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும். திரையை இடது பக்கம், தொகுப்பாளருக்குப் பின்னால் சாய்த்து வையுங்கள். இடத்தை மாற்ற முடியாது என்று திரைக்காரர்கள் பிடிவாதம் பிடித்தால், ஒரு டிவியை மேடையின் முன் விளிம்பில் அணிகளைப் பார்த்து வைத்துவிடுங்கள்.

திறந்தவெளி மேடை என்றால் வெயிலை மறக்கக் கூடாது. நம் ஊரில் நாலரை மணி மேற்கு வெயில் கண்ணைத் திறக்க விடாது. மேடை மேற்குப் பார்த்திருந்தால் மேடையில் நிற்கும் அத்தனை பேர் கண்ணிலும் வெயில். கிழக்குப் பார்த்திருந்தால் கூட்டத்தின் கண்ணில் வெயில், கேமராவில் எல்லா முகமும் கறுப்பு. வடக்கோ தெற்கோ பார்த்த மேடை கிடைத்தால் தொகுப்பாளரைக் கிழக்கு ஓரத்தில் நிறுத்துங்கள், அதற்காக இடது வலதை மாற்றிக்கொண்டாலும் பரவாயில்லை. வெயில் அணிகளின் முதுகில் விழட்டும். தொகுப்பாளர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்துவிடலாம், போட்டியாளரைக் கண் கூச வைப்பது அநியாயம். மேற்குப் பக்கம் ஒரு படுதா கட்டச் சொன்னால் அவருக்கும் பிரச்சினை இல்லை.

எந்த ஆட்டத்துக்கு எந்த இடம்

இதுவரை சொன்னது பல அணி பஸ்ஸர் போட்டிக்கு. ஆட்டம் மாறினால் இடமும் மாறும்.

ஒருவரை மட்டும் வைத்து ஆடும் போட்டிக்கு இங்கிலாந்தில் 1998-இல் தொடங்கிய ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர் போட்ட அமைப்பைத் தாண்டி இன்னும் எதுவும் வரவில்லை. மேடையின் நடுவில் இரண்டு உயர நாற்காலி, எதிரெதிரே, ஆளுக்கொரு திரை, சுற்றிலும் பார்வையாளர்கள். 2000-இல் அமிதாப் பச்சனோடு ஹிந்திக்கு வந்தது, 2012-இல் நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி என்று சூர்யாவோடு தமிழுக்கு வந்தது. பிறகு ராதிகா சரத்குமார் நடத்திய, பெண்கள் மட்டும் கலந்துகொண்ட கோடீஸ்வரியில், 2020 ஜனவரியில் நம் மதுரைப் பெண் ஒருவர் ஒரு கோடி ஜெயித்தார். காது கேளாத, வாய் பேச இயலாத பெண். எதிரெதிரே உட்காரும் அந்த அமைப்பின் அருமையை அங்கே பார்க்கலாம்: கேட்பவரின் முகம் நேருக்கு நேர், கேள்வி எழுத்தாகக் கண் முன்னால். உங்கள் போட்டியில் காது மந்தமானவர் ஒருவர் இருந்தாலும் இந்த இரண்டையும் செய்துகொடுங்கள், எல்லாருக்குமே செய்துகொடுத்தால் இன்னும் நல்லது. உயர நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை. சேலை கட்டியவர்கள் கால் தொங்க உட்கார்ந்தால் கவனமெல்லாம் சேலையில்தான் இருக்கும். கால் வைக்கக் கட்டை உள்ள நாற்காலி கிடைக்காவிட்டால் சாதாரணக் கை நாற்காலியே போடுங்கள்.

இறுதிச் சுற்றில் ஒருவரைத் தனியாக உட்காரவைத்து வேகமாகக் கேட்க வேண்டுமென்றால் பிபிசியின் வினாடி வினா நிகழ்ச்சி மாஸ்டர்மைண்ட் இருக்கிறது, 1972-இல் தொடங்கியது. இருட்டில் ஒரு கறுப்பு நாற்காலி, அதன் மேல் மட்டும் வெளிச்சம். இரண்டாம் உலகப் போரில் கைதியாகப் பிடிபட்டு விசாரிக்கப்பட்ட அனுபவத்திலிருந்துதான் அதை உருவாக்கிய பில் ரைட் அந்த அமைப்பை யோசித்தார். பெரியவர்களுக்கு வைக்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் வைக்க மாட்டேன், அந்த இருட்டிலும் வெளிச்சத்திலும் தெரிந்த விடையும் மறந்துபோகும்.

குடும்பமும் குடும்பமும் மோதும் ஃபேமிலி ஃபியூட் மாதிரியான ஆட்டத்தில்தான் தொகுப்பாளர் நடுவில் வரலாம். இரண்டு குடும்பமும் இரண்டு பக்கம் வரிசையாக நிற்கும், ஆளுக்கொருவர் நடு மேஜைக்கு வந்து எதிரெதிரே நின்று பஸ்ஸருக்குப் போட்டி போடுவார்கள், தொகுப்பாளர் அந்த மேஜைக்குப் பின்னால் கூட்டத்தைப் பார்த்து நிற்பார். கேள்வி அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான், இருவரும் கை எட்டும் தூரத்தில் இருக்கிறார்கள், அதனால் யாருக்கும் குறை இல்லை. ஒரு குடும்பம் ஆட ஆரம்பித்ததும் தொகுப்பாளர் நடுவை விட்டு அவர்கள் வரிசைக்குப் போய் ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும். நடுவிலேயே நின்றுகொண்டு மைக்கை எட்டி நீட்டக் கூடாது.

கல்யாண வரவேற்பில் வைக்கும் தம்பதிப் போட்டிக்கு நலங்கில் உட்காருவதுபோல் எதிரெதிரே போட்டால் கண்ணாலேயே விடை சொல்லிக்கொள்வார்கள். முதுகோடு முதுகாக இரண்டு நாற்காலி, கூட்டத்துக்குப் பக்கவாட்டில். கையில் சிலேட். தொகுப்பாளர் இரண்டு நாற்காலிக்கும் நடுவில், ஓரடி பின்னால், கூட்டத்தைப் பார்த்து. இருவருக்குமே அவர் முகம் சரியாகத் தெரியாது, அதனால் கேள்வியை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

பிபிசியில் 2000-இல் ஆன் ராபின்சன் நடத்த ஆரம்பித்த வீக்கஸ்ட் லிங்க் போல அரைவட்டமாக எட்டு ஒன்பது பேரை நிறுத்தி நடுவில் தொகுப்பாளரை வைக்கும் அமைப்பு டிவிக்கு அழகு. கேமரா நாலா பக்கமும் இருக்கிறது, முதுகு தெரிந்தாலும் கவலையில்லை. நம் மேடையில் ஒரே பக்கம்தான் கூட்டம், தொகுப்பாளரின் முதுகைப் பார்த்து ஒரு மணி நேரம் யாரும் உட்கார மாட்டார்கள்.

கேமரா வைக்கிறீர்களா

தொகுப்பாளர் நிற்கும் புள்ளியிலிருந்து நடு அணிக்கு மனதுக்குள் ஒரு கோடு போடுங்கள். எல்லாக் கேமராவும் அந்தக் கோட்டுக்குக் கூட்டத்தின் பக்கம்தான் இருக்க வேண்டும். ஒரு கேமரா தாண்டி மேடைக்குப் பின்னால் போய்விட்டால், எடிட்டிங்கில் இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவதுபோல் வரும், அப்புறம் சரி செய்யவே முடியாது. இடது ஓரத்துக் கேமரா அணிகளை எடுக்கட்டும், வலது ஓரத்துக் கேமரா தொகுப்பாளரை எடுக்கட்டும், நடுவில் இருப்பது முழு மேடையை. ஒவ்வொருவரும் தன் பக்கத்தில் இருப்பவரை எடுத்தால் காது மட்டும்தான் கிடைக்கும்.

இரண்டு போன் மட்டும்தான் இருக்கிறது, இரண்டு அணியையும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும் என்றால் யுனிவர்சிட்டி சேலஞ்ச் வழியைப் பாருங்கள். இங்கிலாந்தில் 1962-இல் தொடங்கிய அந்த வினாடி வினா நிகழ்ச்சியில் ஓர் அணிக்கு மேல் இன்னோர் அணி உட்கார்ந்திருப்பதுபோல் திரையில் தெரியும். ஸ்டுடியோவில் இரண்டு அணியும் பக்கத்துப் பக்கத்தில் தரையில்தான். இரண்டு கேமராப் படத்தையும் மேலும் கீழுமாக ஒட்டிவிடுகிறார்கள். இன்று போனிலேயே செய்யலாம். இரண்டு போனும் ஒரே உயரம், ஒரே தூரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கூட்டமும் மற்றவர்களும்

நம் ஊரில் விடை தெரிந்த ஒருவர் கூட்டத்தில் எப்போதும் இருப்பார், சொல்லியும் விடுவார். பொருளின் விலையை ஊகிக்கும் அமெரிக்க நிகழ்ச்சி தி பிரைஸ் இஸ் ரைட்டில் கூட்டம் கத்துவது ஆட்டத்தின் ஒரு பகுதி, போட்டியாளர்கள் நான்கு பேரும் மேடைக்குக் கீழே கூட்டத்தை ஒட்டியே நிற்பார்கள். வினாடி வினாவில் அது நடக்கக் கூடாது. மேடைக்கும் முதல் வரிசைக்கும் நடுவில் பத்தடி விட்டுக் கயிறு கட்டுங்கள். சின்னப் பிள்ளைகள் கயிற்றுக்குள் வந்து உட்காருவதைத் தடுக்க முடியாது, அவர்களைத் தொகுப்பாளர் பக்கம் உட்காரச் சொல்லுங்கள், அணிகள் பக்கம் வேண்டாம். அணிகளின் சொந்தக்காரர்கள், வாத்தியார்கள் அவர்களின் கண் எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. சைகை வரும். வேண்டுமென்றே செய்யாவிட்டாலும் தலையாட்டல் வரும்.

நடுவரும் மதிப்பெண் எழுதுபவரும் அந்தப் பத்தடி இடைவெளியில், மேடைக்குக் கீழே, அணிகளின் கைகள் தெரியும்படி உட்கார வேண்டும். மேடை மேல் ஓரமாக உட்காரவைத்தால் பஸ்ஸர் மேல் யார் கை இருந்தது என்று தெரியாது. மதிப்பெண் பலகை கூட்டத்துக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, அணிகளுக்கும் தெரிய வேண்டும், கடைசிச் சுற்றில் துணிந்து அடிப்பதா பொறுப்பதா என்று அவர்கள் முடிவு செய்வது அதை வைத்துத்தான். கூட்டத்துக்கு ஒன்று, மேடையைப் பார்த்து ஒரு சின்னப் பலகை, இரண்டு வையுங்கள்.

எல்லாம் போட்டு முடித்ததும் மூன்று மேஜையிலும் உங்கள் ஆட்களை நிறுத்தி, தொகுப்பாளர் இடத்தில் நின்று செய்தித்தாளிலிருந்து நான்கு வரி படியுங்கள். மூன்று பேரும் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத மேஜை எதுவோ அதை ஓரடி நகர்த்துங்கள், இல்லை சின்ன பாக்ஸைத் திருப்புங்கள், மறுபடி படியுங்கள். ஃபேன், ஜெனரேட்டர் இரண்டும் ஓடும்போது இதைச் செய்ய வேண்டும். பரிசு கொடுக்கும்போது மட்டும் எல்லாரும் நடுவுக்கு வரலாம், அப்போதும் பரிசு வாங்குபவரைக் கேமராப் பக்கமும் கொடுக்கும் பெரிய மனிதரைச் சற்றுப் பின்னாலும் நிறுத்துங்கள், இல்லையென்றால் படத்தில் பிள்ளையின் கை மட்டும்தான் இருக்கும்.